முப்பத்தெட்டு விநாடி

மாரிசெல்வி எங்கள் கணினி அறைக்கு வந்ததற்குக் காரணம் ஒரு கைசன் படிவம்.

தொழிற்சாலையில் யார் வேண்டுமானாலும் யோசனை எழுதிப் பெட்டியில் போடலாம். மாதம் ஒருமுறை மேலாளர் சங்கரநாராயணன் பெட்டியைத் திறப்பார். பெரும்பாலும் மின்விசிறி கேட்டிருப்பார்கள். கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியிருப்பார்கள். 2012 நவம்பரில் வந்த ஒரு படிவத்தில் இப்படி இருந்தது: 'குறை தேடும் பக்கம் 38 விநாடி எடுக்கிறது. 6 விநாடியில் முடிக்கலாம்.' கீழே பேனாவால் எழுதிய பத்து வரி நிரல்.

அந்தப் பக்கம் நான் எழுதியது.

ஒரகடத்தில் கார்களுக்கு வயரிங் ஹார்னஸ் செய்யும் தொழிற்சாலை. நூற்றுக்கும் மேற்பட்ட கம்பிகள் சேர்ந்தது ஒரு கற்றை. ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஒரு பின். லைனில் ஏதாவது குறை தென்பட்டால் அங்கிருக்கும் கணினியில் ஒரு வரி தட்டுவார்கள். என்ன குறை, எந்த இடம், எத்தனை மணி. ஆங்கில எழுத்தில் தமிழ். ஒரு ஷிஃப்டுக்கு ஒரு கோப்பு. 2009இலிருந்து கோப்புகள் சேர்ந்திருந்தன. புதிதாக ஒரு குறை வந்தால், அது முன்பு வந்திருக்கிறதா என்று எல்லாக் கோப்புகளிலும் தேட வேண்டும். தேடி முடியும்வரை லைன் நிற்கும்.

ஒரே குறையை ஒவ்வொருவரும் ஒரு விதமாக எழுதுவார்கள். ஒருவருக்கு 'பின் லூஸ்'. இன்னொருவருக்கு 'பின் ஆடுது'. வேறொருவருக்கு 'கழண்டுகிச்சு'. எல்லாவற்றையும் ஒரே வலையில் பிடிக்க நான் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதியிருந்தேன். புள்ளியும் நட்சத்திரமும் அடைப்புக்குறியும் நிறைந்த ஒற்றைச் சரம். மூன்று வருடமாகச் சேர்த்துச் சேர்த்து அது திரையில் நான்கு வரிக்கு நீண்டிருந்தது. என்னைத் தவிர யாராலும் அதைப் படிக்க முடியாது. அதில் எனக்குப் பெருமை இருந்தது. பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் 'உருவாக்கம்: சத்யப்பிரியா' என்று போட்டிருந்தேன்.

சங்கரநாராயணன் படிவத்தை என்னிடம் நீட்டி, இது சரிதானா என்று கேட்டார். தாளில் பார்த்துச் சொல்ல முடியாது, ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். உடனே லைனுக்குத் தொலைபேசியில் சொல்லி அவளை வரவழைத்தார்.

ஆபரேட்டர்கள் போடும் சாம்பல் கோட்டுடன் வந்தாள். தொப்பியின் எலாஸ்டிக் நெற்றியில் ஒரு கோடு பதித்திருந்தது. கோவில்பட்டிப் பக்கம். பாலிடெக்னிக்கில் கணினி டிப்ளமா. படித்ததற்கு வேலை கிடைக்காமல் இரண்டு வருடமாக எங்கள் ஏ லைனில், கம்பி நுனியில் பின்னை நசுக்கிப் பொருத்தும் கிரிம்பிங் இயந்திரத்தில் நிற்கிறாள். பென்னலூரில் ஏழு பெண்களுடன் ஓர் அறையில் இருக்கிறாள். இதையெல்லாம் அவர் கேட்டார், அவள் சொன்னாள். முப்பத்தெட்டு என்ற கணக்கு எப்படி வந்தது என்றும் கேட்டார்.

"லைன் நிக்கும்போது சும்மாதான சார் நிக்கோம். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவேன். முப்பத்தெட்டுல வந்துரும். மழ பெஞ்சா நாப்பது."

சங்கரநாராயணன் சிரித்தார். மூன்று வருடத்தில் நான் சொன்ன எதற்கும் அவர் சிரித்ததில்லை.

அங்கேயே முடிவு செய்தார். டிசம்பர் முதல் மூன்று மாதம் மாரிசெல்வி எங்கள் அறையில் இருப்பாள். அவளுடைய முறையில் பக்கத்தை மாற்றி எழுத வேண்டும். நான் இரண்டையும் ஒப்பிட்டு, சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நன்றாக ஓடினால் அந்த நாற்காலி அவளுக்கு. இல்லையென்றால் மறுபடி லைன். எங்கள் இருவரையும் நிற்க வைத்தே சொன்னார்.

எங்கள் அறையில் அதுவரை நிரல் எழுதுகிறவள் நான் ஒருத்திதான்.

*

தண்டலத்தில் நான்கு வருடம் பொறியியல் படித்தவள் நான். இந்த அறைக்கு வர இரண்டு எழுத்துத் தேர்வும் ஒரு நேர்முகமும் தாண்டியிருந்தேன். அவள் ஒரு தாளில் பத்து வரி எழுதினாள்.

இரண்டு விரலால் தட்டினாள். ஒவ்வொரு எழுத்தையும் விசைப்பலகையில் தேடினாள். பார்க்க எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அவள் தட்டியதை அழித்து எழுத வேண்டி வருவதில்லை என்பதை இரண்டாம் வாரம் கவனித்தேன். நான் வேகமாகத் தட்டுவேன். பாதியை அழிப்பேன்.

பழைய கோப்புகளைத் திறந்து கதைப் புத்தகம் போல வாசிப்பாள். எனக்கு அவை வெறும் வரிகள். அவளுக்கு ஆட்கள்.

"அக்கா, இது பூமாரி எழுதுனது. அவளுக்கு எல்லாமே ஆடத்தான் செய்யும். பின்னு ஆடும், கிளிப்பு ஆடும். ஒருநா சூப்பர்வைசரே ஆடுதாருன்னு எழுதிட்டா."

அக்கா என்பதை வாக்கியத்துக்கு ஒருமுறை சொல்வாள். அறைக்குள் நுழையும் லைன் ஆட்கள் என்னை மேடம் என்பார்கள். அவளைச் செல்வி என்பார்கள். முன்பெல்லாம் பக்கம் நின்றுவிட்டால் என் மேசைக்கு வந்து நிற்பார்கள். இப்போது என்னைத் தாண்டி அவள் மேசைக்குப் போனார்கள். அவர்கள் போகும்போது எனக்கு வேலை இருப்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

அவள் முறை எளிமையானது. என் நான்கு வரிச் சரத்தைத் தூக்கிப் போட்டாள். ஒவ்வொரு குறைக்கும் லைனில் என்னென்ன சொல்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எழுதினாள். ஐந்து சொல், ஆறு சொல். பிறகு ஒவ்வொரு வரியிலும் அந்தச் சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடினாள். ஸ்ட்ர்பாஸ் என்ற சாதாரணக் கட்டளை. கல்லூரியில் முதல் வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். இதற்கா இவ்வளவு என்று நினைத்தேன். இதை நான் ஏன் செய்யவில்லை என்றும் நினைத்தேன். எனக்கு அந்தப் பட்டியல் தெரியாது. லைனில் யார் எதை என்ன சொல்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஜனவரி முதல் வாரம் ஒப்பிட்டேன். ஒரு லட்சத்துப் பதினோராயிரம் வரிகள். அவற்றில் 'பின் லூஸ்' குறையைத் தேட வேண்டும்.

நேர்மையாக ஒப்பிடவில்லை. சர்வரில் முதலில் ஓடும் நிரல் கோப்புகளை வன்தட்டிலிருந்து படிக்க வேண்டும். இரண்டாவதாக ஓடுவதற்கு அவை நினைவகத்தில் தயாராகக் கிடக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் அவளுடையதை முதலில் ஓட்டினேன். அவளுடையதை ஷிஃப்ட் மாறும் மூன்று மணிக்கு ஓட்டினேன். அப்போது எல்லா லைனும் சர்வரில் இருக்கும். என்னுடையதை அரை மணி கழித்து, கூட்டம் கலைந்த பிறகு ஓட்டினேன். அப்போது யாரும் இருக்க மாட்டார்கள். ஐந்து முறை ஓட்டிச் சராசரி எடுத்தேன்.

என்னுடையது முப்பத்தோரு விநாடி. அவளுடையது ஏழு.

எல்லாச் சலுகையும் எனக்கே கொடுத்துக்கொண்ட பிறகும் ஏழு. அந்த எண்ணைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை குறைகளைக் கண்டுபிடித்தது என்றும் பார்த்தேன். இரண்டும் நானூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை.

*

தோற்ற பிறகுதான் அவள் நிரலை வரி வரியாகப் படித்தேன். தப்புத் தேடத்தான் படித்தேன். ஜனவரி எட்டாம் தேதி, மதியம்.

முப்பத்தோராவது வரியில் இருந்தது.

ஒரு வரிக்குள் ஒரு சொல் எத்தனாவது இடத்தில் தொடங்குகிறது என்று ஸ்ட்ர்பாஸ் சொல்லும். சொல் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லும். கணினி இடங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். சொல் வரியின் தொடக்கத்திலேயே இருந்தால் பதில் பூஜ்யம். வெறுமனே கேட்டால் கணினிக்குப் பூஜ்யமும் இல்லை என்பதும் ஒன்றுதான். இரண்டையும் பிரித்தறிய மூன்று குறிகள் கொண்ட ஓர் ஒப்பீடு போட வேண்டும். அவள் போடவில்லை. வரியின் முதல் சொல்லே குறையின் பெயராக இருந்தால், அவள் பக்கம் அந்தக் குறை இல்லை என்று சொல்லிவிடும்.

பிறகு ஏன் நானூற்றுப் பன்னிரண்டும் கிடைத்தது?

கோப்பைத் திறந்தேன். உடனே புரிந்தது. எங்கள் கோப்புகளில் எல்லா வரிகளும் 2 என்ற எண்ணில் தொடங்கும்.

அது ஏ லைன் சூப்பர்வைசர் சுப்பனின் வேலை. 2009இல் கணினி வைத்த முதல் நாள், பிள்ளையார் சுழி போடாமல் எழுத மாட்டேன் என்று நின்றார். விசைப்பலகையில் சுழி இல்லை. பார்க்க அதே மாதிரி இருந்த 2 இருந்தது. 2 தட்டி, இடம் விட்டு, அதன் பிறகே குறையை எழுதினார். அவரிடம் வேலை பழகியவர்கள் எல்லோரும் அப்படியே எழுதினார்கள். பி லைனுக்குப் போனவர்கள் அங்கேயும் எழுதினார்கள். காரணம் தெரியாதவர்களும் எழுதினார்கள். அது படிவத்தின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். மாரிசெல்வியும் இரண்டு வருடம் 2 போட்டுத்தான் எழுதியிருக்கிறாள். அதனால் அவளுடைய உலகத்தில் எந்தக் குறையும் முதல் இடத்தில் வந்ததே இல்லை.

என்றைக்காவது ஒருவர் 2 போடாமல் எழுதினால் போதும்.

அவள் எதிர் மேசையில் இருந்தாள். தலையைத் திருப்பினால் சொல்லிவிடலாம். நான் படிவத்தை எடுத்தேன். 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அவளை யாரும் திட்ட வேண்டும் என்று நான் விரும்பவில்லை. அவள் மறுபடி சாம்பல் கோட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். பிப்ரவரி இருபத்தெட்டுக்குள் போக வேண்டும்.

*

பொங்கலுக்குப் பிறகு புதிய பக்கம் ஓடத் தொடங்கியது. லைனில் கைதட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. சங்கரநாராயணன் எங்கள் அறைக்கே வந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு தேடல் ஓட்டினார். ஆறு விநாடி.

"சொன்ன மாதிரியே ஆறு," என்றார் அவளிடம்.

பக்கத்தின் அடியில் 'உருவாக்கம்: சத்யப்பிரியா' என்று அப்படியே இருந்தது. அவள் பெயரைப் போடச் சொன்னார். வேண்டாம் சார், அக்கா கட்டுன வீடு, நான் வெள்ளையடிச்சேன் அவ்வளவுதான் என்றாள். அவர் அதற்கும் சிரித்தார். அவள் என் பெயரை நீக்கியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். விட்டுவைத்தது பிச்சை போட்டது மாதிரி இருந்தது.

தைக் கிருத்திகைக்கு அறைத் தோழிகளுடன் வல்லக்கோட்டைக்குப் போய்வந்தாள். மறுநாள் விபூதிப் பொட்டலம் கொடுத்தாள்.

"உங்க பேருக்கும் அர்ச்சன வச்சேன்க்கா. நட்சத்திரம் கேட்டாவ, தெரியல. சாமி நட்சத்திரத்துக்கே வச்சிட்டேன்."

பூசிக்கொண்டேன். அன்று முழுவதும் அவளிடம் நன்றாகப் பேசினேன்.

ஆனாலும் ஒவ்வொரு நாள் காலையும் முந்தின நாள் கோப்புகளைத் திறந்து பார்த்தேன். 2, 2, 2. வரிசையாக நின்றன. ஒருவராவது மறந்திருக்கிறாரா என்று தேடினேன். ஒருவரும் மறக்கவில்லை. ஜனவரி போயிற்று. பிப்ரவரி பிறந்தது. பயிற்சி முடிந்ததும் அவளுக்கு எந்த நிற அடையாள அட்டை என்று மனிதவளப் பிரிவிலிருந்து கேட்டு அனுப்பியிருந்தார்கள். என்னுடையதைப் போல நீலம் என்று பதில் போயிற்று.

பிப்ரவரி ஆறாம் தேதி சி லைன் தொடங்கினார்கள். புதிய கார் மாடலுக்கான லைன். தலைவனாக வெளியிலிருந்து ஒருவனை எடுத்திருந்தார்கள். பெயர் இனியவன். ஸ்ரீபெரும்புதூர்க்காரன், என் வயது. அவன் அப்பா கறுப்புச் சட்டை போடுகிறவர் என்று முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. குறை பதியும் திரையைச் சொல்லிக் கொடுக்க என்னை அனுப்பினார்கள். சுப்பனும் வந்து பக்கத்தில் நின்றார்.

இனியவன் முதல் வரியைத் தட்டினான். குறையின் பெயர், கனெக்டர் எண், நேரம். நேராகக் குறையில் தொடங்கினான்.

"இன்னாபா இது," என்றார் சுப்பன். "மொதல்ல ரெண்டு போடு."

"எதுக்குண்ணே ரெண்டு?"

"சுழிபா. புள்ளையாரு."

"சுழி போட்டேன்னு தெரிஞ்சா எங்கப்பா என்னை வூட்டுக்குள்ள சேக்க மாட்டாரு."

"உங்கப்பாவா இங்க வந்து படிக்கப் போறாரு?"

"அவரு படிக்க மாட்டாரு. நீ போய்ச் சொல்லிடுவியே."

சுப்பன் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். இனியவன் என்னைப் பார்த்தான். போட்டே ஆகணுமா மேடம் என்று கேட்டான்.

கட்டாயமில்லை என்றேன். அது உண்மைதான். எந்த விதியிலும் 2 இல்லை.

மேலே வரும்போது மாடிப்படியில் ஒரு நிமிடம் நின்றேன். அறைக்குள் போனதும் மாரிசெல்வி, சி லைன் எப்படி இருக்கு என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். அங்கே உள்ளவர்கள் என்ன சொல் சொல்கிறார்கள் என்று பட்டியலில் சேர்க்க வேண்டும், ஒருநாள் போய்க் கேட்டு வருகிறேன் என்றாள். அவசரமில்லை என்றேன்.

*

பிப்ரவரி பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை. கார் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. சி லைனில் செய்த மூன்று ஹார்னஸ்களில் பின் கழன்றிருக்கிறது. இந்தக் குறை உங்கள் லைனில் முன்பு வந்திருக்கிறதா, எப்போதிருந்து என்று கேட்டிருந்தார்கள்.

தரப் பிரிவில் தேடினார்கள். ஆறு விநாடியில் பதில் வந்தது. சி லைன்: இல்லை. அப்படியே கடிதம் அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை அவர்களுடைய ஆள் சி லைனைப் பார்க்க வந்தார். இனியவனிடம் பேச்சுக்கொடுத்தார். இனியவன் ஒளிவு மறைவு இல்லாதவன். முதல் வாரத்திலிருந்தே அந்தப் பின் ஆடுகிறது, பதினோரு தடவை பதிந்திருக்கிறேன் என்றான். வந்தவர் கடிதத்தை எடுத்துக் காட்டினார். அதற்குள் முந்நூற்று நாற்பது ஹார்னஸ்கள் கார்களுக்குள் போய்விட்டன. எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க வேண்டும். எங்கள் ஆட்கள் இருபது பேர் அங்கே போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கரநாராயணன் அறையில் கூடினோம். அவர், சுப்பன், இனியவன், மாரிசெல்வி, நான். மேசைமேல் ஒரு மடிக்கணினி. அதற்குப் பக்கத்தில் ஜனவரியில் நான் கையெழுத்திட்ட படிவம்.

இனியவன் தன் கோப்பைத் திறந்து பதினோரு வரிகளையும் வாசித்தான். பதியாமல் இருந்துவிட்டு இப்போது சொல்கிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்ற பதற்றம் அவன் குரலில் இருந்தது. சங்கரநாராயணன் மாரிசெல்வியைப் பார்த்தார். அவள் சி லைன் கோப்பையும் ஏ லைன் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். எனக்கு அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகியிருந்தது. அவள் எவ்வளவு நேரம் எடுக்கிறாள் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

நான்கு நிமிடம்.

"முன்னால ரெண்டு இல்ல," என்றாள் மெதுவாக.

சுப்பன் இனியவனைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"அவரு மேல தப்பில்ல சார். ரெண்டு போடணும்னு யாரும் சொல்லல. போடாட்டாலும் என் பக்கம் புடிக்கணும். புடிக்கல. என் தப்பு."

பூஜ்யத்தைப் பற்றி அவருக்கு விளக்கினாள். நான் ஜனவரியில் எனக்குச் சொல்லிக்கொண்டதைவிடத் தெளிவாக விளக்கினாள். சுப்பனுக்கே புரிந்தது.

எப்போதிருந்து இந்தத் தப்பு இருக்கிறது என்று சங்கரநாராயணன் கேட்டார். முதல் நாளிலிருந்து என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபப்படவில்லை.

"திங்கக்கிழமை ஏ லைன்ல ரிப்போர்ட் பண்ணும்மா."

"சரி சார்."

முடிந்தது. நான் கேட்டது இவ்வளவுதான். கிடைத்துவிட்டது. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. நான் எழுந்து போயிருக்கலாம். பிறகு அவர் படிவத்தை இழுத்து, கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார்.

"நீங்க செக் பண்ணீங்களே சத்யா. உங்க கண்ணுக்குப் படலையா?"

பதில் தயாராக இருந்தது. கவனிக்கவில்லை சார். மன்னியுங்கள். ஒரு லட்சம் வரியில் சோதித்தபோது எண்ணிக்கை சரியாக வந்தது. அவ்வளவு சொன்னால் போதும். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லாமல் சொல்லியிருக்கலாம், முதல் வார்த்தையைத் தவிர.

வாயைத் திறப்பதற்குள் மாரிசெல்வி பேசினாள்.

"அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க சார். அவங்க ஸ்ட்ர்பாஸ் போட்டு எழுதுனதே இல்ல. அவங்க முறை வேற. இது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

அவள் முகத்தைப் பார்த்தேன். குத்தலாகச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றச் சொன்னாள். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாள். எனக்குத் தெரியாது என்று நினைத்தாள்.

சங்கரநாராயணன் தலையை ஆட்டினார். அதில் வியப்பு ஒன்றும் இல்லை. நியாயம்தான் என்பது போல ஆட்டினார். பழைய முறையிலேயே பழகிட்டாங்க என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். இனியவனும் என்னைப் பார்த்தான். அவன் பார்வையில் பரிதாபம் இருந்தது.

"தெரியும்," என்றேன்.

சங்கரநாராயணன் படிவத்தை மடித்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும் சார். முப்பத்தோராவது வரி. அங்க மூணு குறி போட்டிருக்கணும். ஜனவரி எட்டாம் தேதியே பார்த்தேன். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி."

"பாத்துட்டா போட்டீங்க?"

"ஆமா."

"சி லைன்ல ரெண்டு போட மாட்டாங்கன்னு தெரியுமா?"

"தெரியும். கட்டாயமில்லைன்னு நான்தான் சொன்னேன்."

இனியவன் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளினான். சுப்பன் மூன்று வருடமாக என்னை மேடம் என்றுதான் அழைத்தவர்.

"இன்னாம்மா நீ," என்றார்.

மாரிசெல்வி நாற்காலியை மேசையருகே இழுத்தாள். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். தன் நிரலைத் திறந்தாள். திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணிக்கொண்டு இறங்கினாள். நான் சொன்னது சரியா என்று பார்த்தாள். சரியாக இருந்தது. விரலை அந்த வரியிலிருந்து எடுக்காமல் என்னைப் பார்த்தாள்.

"ஒரு வார்த்த சொல்லிருந்தா அஞ்சு நிமிஷ வேலதானக்கா."

"ரெண்டு நிமிஷம்," என்றேன்.

சங்கரநாராயணன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். என்னை வெளியே போய் இருக்கச் சொன்னார். அவளை உட்கார்ந்து அதைச் சரிசெய்யச் சொன்னார்.